தேவாங்குக்கு மார்க் இல்லை

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்றால் முந்தின நாள் ராத்திரி நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளைக்கு ஞாபகம் வரும். "அம்மா, நாளைக்கு மாடல் கொண்டுபோகணும்." அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடுவார். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருப்பார். தெர்மாகோல் அட்டை இரண்டு, பச்சை சார்ட் ஒன்று, ஃபெவிகால், பிளாஸ்டிக் மரம் ஒரு பாக்கெட். தலைப்பு மழைநீர் சேகரிப்பு. பத்தரை ஆனால் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். அப்புறம் அம்மா தெர்மாகோலில் வீடு வெட்டுவார், அப்பா ஸ்ட்ராவுக்கு நீலம் அடித்துக் குழாய் பதிப்பார். மறுநாள் இரண்டாம் பரிசு கிடைக்கும். கொஞ்ச நாள் அலமாரி மேல் இருந்துவிட்டு, ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது அது குப்பை வண்டியில் ஏறும்.

அந்த வீட்டின் நிஜமான மழைநீர்த் தொட்டி எங்கே? 2003-ல் அரசு கட்டாயம் என்று சொன்னபோது அவசர அவசரமாகத் தோண்டியது. போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டியபோது மூடியாயிற்று. இப்போது அதன் மேல்தான் கார் நிற்கிறது. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற கதை இல்லாத வீடு திண்டுக்கல்லில் உண்டா? இந்த ஊரில் இருந்துகொண்டு, மண்ணில் இருந்த குழியை மூடிவிட்டுத் தெர்மாகோலில் மழையைச் சேமிக்கச் சொன்னால் பிள்ளை நம்மிடம் எதைக் கற்றுக்கொள்ளும்?

யாரையும் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஃபெவிகால் விரலோடு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் உண்டு. எல்லாம் பிள்ளையின் நல்லதுக்குத்தான். அதுதான் சிக்கலே. நல்லதுக்கு என்று தொடங்கியதை எப்போது மார்க்குக்கு என்று மாற்றினோம் என்பது நமக்கே தெரியவில்லை.

சுற்றுச்சூழல் எல்லா வகுப்புக்கும் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-ல். நம்மில் பலர் அப்போது அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். பத்து வருஷம் கழித்து தேசிய பசுமைப் படை என்று பள்ளிதோறும் ஒரு மன்றம் வந்தது. நீதிமன்றமும் சொல்லிவிட்டது, திட்டமும் வந்துவிட்டது. அப்புறம் சுற்றுச்சூழல் பீரியடை விழுங்கியது யார்? பள்ளி நிர்வாகத்தைக் கைகாட்டுவது சுலபம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு எதுக்கு சார் செடி நடுறதெல்லாம்? அந்த நேரத்துல ஒரு டெஸ்ட் வைங்க" என்று கேட்டது நம்மில் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினோம்.

அந்தப் பீரியடில் பிள்ளைகள் எதைப் பார்த்திருக்கலாம் என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். திருச்சி ரோட்டில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அந்த ஊரைச் சுற்றியிருக்கும் முள்காட்டிலும் தோட்டத்து வேலிகளிலும் தேவாங்கு வாழ்கிறது. ஒல்லிப் பிள்ளைகளைத் திட்ட நாம் எல்லோரும் அதன் பெயரைப் பயன்படுத்தியிருப்போம். நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கால் கிலோ எடை இருந்தாலே அதிகம். குச்சி போன்ற கை கால், முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் கண்கள். குரங்கு மாதிரி தாவத் தெரியாது. ஒரு கொப்பை விடாமல் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கொப்புக்கே கை நீட்டும். பகலெல்லாம் சுருண்டு தூங்கிவிட்டு ராத்திரியில் எறும்பும் வண்டும் கரையானும் பிடித்துத் தின்னும். விவசாயிக்கு அதனால் நல்லதைத் தவிர வேறில்லை. 

2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அறிவித்த முதல் சரணாலயம் அது. நம் பக்கத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்கள் அதில் வருகின்றன. நாட்டுக்கே முதலாவதாக ஒன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதைப் பொது அறிவுக் கேள்வியாகத்தான் கேள்விப்பட்டார்கள். நான்கு விடைகளில் ஒன்றுக்கு வட்டம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சரணாலய எல்லை தேவாங்குக்குத் தெரியாது. அறிவிப்பு வருவதற்கு முன்னாலும் அது பிழைத்திருந்தது என்றால் காரணம் அந்தப் பக்கத்து மனிதர்களும்தான். கம்பி வேலிக்கு மாறாமல் கிளுவை வேலியையே வைத்திருக்கும் விவசாயி ஒருவர். ராத்திரியில் எந்த மரத்தில் கண் மின்னும் என்று தெரிந்து வைத்திருக்கும் ஆட்டுக்காரர் ஒருவர். தேவாங்கு எதிரே வந்தால் ஆகாது என்று கல்லெடுத்த காலம் போய், பார்த்தால் விட்டுவிடு என்று தன் பேரனிடம் சொல்லும் பாட்டி ஒருத்தி. சீட்ஸ் டிரஸ்ட் மாதிரியான அமைப்புகள் ஊர்க்காரர்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் திரும்பத் திரும்பப் பேசித்தான் இந்த மாற்றத்துக்கு வழி பண்ணின.

கணக்குத் தாளில் அறுபத்தொன்று வாங்கிக்கொண்டு பையன் வருகிறான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் விசாரணை நடக்கிறது. அரை மணி நேரத் திட்டு கடைசியில் எந்த வாக்கியத்தில் வந்து நிற்கும்? "இப்படியே போனா ஆடு மேய்க்கத்தான் போகணும்." நம் அப்பா நமக்குச் சொன்னது, அவருக்கு அவர் அப்பா சொன்னது. யோசித்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் எந்த மரம் எப்போது பூக்கும், எந்த ஓடையில் கடைசியாகத் தண்ணீர் வற்றும், தேவாங்கு எந்தப் புதரில் படுத்திருக்கும் என்று முழுசாகத் தெரிந்தவர் ஆடு மேய்ப்பவர். அவரைக் காட்டித்தான் பிள்ளையைப் பயமுறுத்துகிறோம். அப்புறம் அதே பிள்ளையைக் கூப்பிட்டு, 'இயற்கையைப் பாதுகாப்போம்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். யாரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டுமோ அவரைக் கேவலம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அவருக்குத் தெரிந்ததை மட்டும் பிள்ளை எங்கிருந்து எடுக்கும்?

ஒரு தடவை பிள்ளைகள் சிலரோடு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வரப்பில் நடந்தோம். ஆட்டுக்கார அம்மா ஒருவர் கிளுவைக் கொப்பு ஒன்றை ஒடித்துக் கொடுத்தார். மேல்தோல் சிகரெட் தாள் கனத்தில் உரிந்து வந்தது, உள்ளே பச்சை. இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொன்னார். "இதை அப்படியே குத்தி வச்சாப் போதும் கண்ணு, மழைக்குத் தளுத்துக்கும்" என்றார். ஆடு தின்னும், முள் இருப்பதால் மாடு நுழையாது, ஓணான் இருக்கும், குருவி கூடு கட்டும், தேவாங்கு ராத்திரியில் இதன் வழியாகத்தான் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும். ரோட்டைக் கடக்கும்போதுதான் அடிபடுகிறது. வேலியை வெட்டிக் கம்பி கட்டினால் அதற்குப் பாதை போச்சு. வழித்தடம், வாழிடத் துண்டாடல் என்று பாடப் புத்தகம் ஏழெட்டுப் பக்கம் சொல்வதை அந்த அம்மா ஒரு கொப்பை வைத்துக்கொண்டு சொல்லி முடித்தார். கூட வந்த ஒரு பையன் கேட்டான்: "ஆன்ட்டி, இது எக்ஸாமுக்கு வருமா?"

அந்தக் கேள்வியை அவன் எங்கே கற்றான்?

காலை ஐந்து மணி அலாரம், ஆறு மணி டியூஷன், எட்டு மணி வேன், நாலரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், ஆறரைக்கு இன்னொரு டியூஷன், சனிக்கிழமை டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை நீட் ஃபவுண்டேஷன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஃபவுண்டேஷன்! இந்தக் கால அட்டவணையில் சூரியன் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். வேனுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடம்தான். நம்மூர் குளக்கரையில் இளைஞர்கள் சேர்ந்து ஞாயிறு காலை பறவை பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று சொன்னால் நாம் போனில் கேட்கும் முதல் கேள்வி: "சர்டிபிகேட் தருவீங்களா?" இரண்டாவது: "ஒன்பது மணிக்குள்ள விட்டுடுவீங்களா?" பாவம், சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வரும் அந்தப் பையன்கள் இப்போது சர்டிபிகேட் அச்சடிக்கவும் காசு தேடுகிறார்கள்.

மார்க் பாஷையில் சொன்னால்தான் நமக்கு ஏறும் என்றால் அதிலும் ஒன்று சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் தினம் 40 நிமிடம் வெளியில் இருக்கும்படி ஒரு வகுப்பைச் சேர்த்தார்கள். மூன்று வருஷம் பார்த்துவிட்டு 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். வெளியில் இருந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது சுமார் 30 சதவீதம் பிள்ளைகளுக்கு. வழக்கம்போல நடந்த பள்ளிகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம். மருந்தும் இல்லை, கண்ணாடியும் இல்லை, வெளிச்சம் மட்டும்தான். கண் நோய்க்கு மருந்து என்று நம்பித் தேவாங்கின் கண்ணைத் தோண்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாவத்துக்கெல்லாம் அவசியமே இல்லாத வைத்தியம் வாசலில் இருக்கிறது. நாம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போகிறோம்.

"பயமா இருக்குங்க, பூச்சி கடிச்சா? பாம்பு வந்தா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் தேவாங்குத் தாய் என்ன செய்கிறது என்று கேளுங்கள். அய்யலூர்க் காட்டில் 1990-களின் பிற்பகுதியில் சிந்து ராதாகிருஷ்ணாவும் மேவா சிங்கும் தேவாங்குகளை ராத்திரி ராத்திரியாகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது இது: தேவாங்குத் தாய் குட்டியைச் சில வாரம்தான் வயிற்றோடு சுமக்கும். அப்புறம் ஒரு கொப்பில் பிடித்து உட்கார வைத்துவிட்டு இரை தேடப் போய்விடும். தனியாக இருக்கும் குட்டியிடம் அதே கூட்டத்துத் தேவாங்குகள் வந்து விளையாடிவிட்டுப் போகும். ஊர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை! அதற்காகப் பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணை, ஆசிரியரும் ஊர்க்காரர்களும் கூட இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் ஒரு குளக்கரைக்கு அனுப்ப நமக்குக் கை நடுங்குகிறது. இரண்டு லட்சம் கட்டி, முன்பின் தெரியாத ஊரில் ஹாஸ்டலில் சேர்க்கும்போது மட்டும் எப்படி நடுங்காமல் இருக்கிறது?

ஊர் கூடிக் காப்பாற்றியதற்கு எங்கோ தேடிப் போக வேண்டாம். நத்தம் பக்கம், அழகர்மலைக் காட்டின் ஓரத்தில் காசம்பட்டி இருக்கிறது. அங்கே வீரகோயில் காடு, மொத்தம் 4.97 ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். சாமி காடு என்பதால் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதில் கோடரி வைக்கவில்லை. 2025 மார்ச்சில் அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் இந்தப் பெயர் பெற்ற இரண்டாவது இடம். முதலாவது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. ஊர் ஊராகத் திரண்டு நின்று டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2025 ஜனவரியில் ரத்து செய்யவைத்த அதே அரிட்டாபட்டி. இந்த இரண்டு ஊரிலும் காட்டைக் காத்தவர்கள் சுற்றுச்சூழலில் பட்டம் வாங்கியவர்கள் இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி, சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். சரணாலயம் 1977-ல் வந்தது. கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் பயந்து பறந்துவிடும் என்பதற்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல பத்து வருஷமாக இதுதான் வழக்கம். வருஷா வருஷம் பத்திரிகைகளில் செய்தி வரும், நாமும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். ஆனால் அந்த ஊர்ப் பெற்றோர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளை, பக்கத்து ஊரில் சத்தம் கேட்கிறது, தனக்கு மட்டும் வெடி இல்லை. "குஞ்சு பயந்துக்கும்டா" என்று சொல்லி அந்த அழுகையை அவர்கள் ஒவ்வொரு வருஷமும் சமாளிக்கிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்கு அதையே சொல்கிறது. சுற்றுச்சூழல் கல்வி என்று எதைச் சொல்கிறோமோ அது அங்கே அந்த வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, அம்மாவும் அப்பாவும் வாத்தியார். நாம்?

நாம் ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குக் காரில் போகிறோம். கொண்டை ஊசி வளைவில் நிறுத்துகிறோம். குரங்கு வருகிறது. "போடுடா, போடுடா" என்று பிள்ளை கையில் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்து வீடியோ எடுக்கிறோம். காட்டில் பழமும் தளிரும் தேடித் தின்ன வேண்டிய குரங்கு ரோட்டிலேயே உட்கார்ந்து வண்டியில் அடிபடுகிறது, இல்லாவிட்டால் கையைக் கடிக்கிறது. பாக்கெட் காற்றில் பள்ளத்துக்குப் போகிறது. திரும்பி வரும் வழியில் மலை வாழைப்பழம் விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். புவிசார் குறியீடு வாங்கிய பழம் அது. இத்தனையையும் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது யார்?

சரி, என்ன பண்ணலாம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். புதிதாக ஒரு அமைப்பு தொடங்கி, பேனர் கட்டி, தலைவர் செயலாளர் போட வேண்டவே வேண்டாம், அது நமக்கு ரொம்ப நன்றாக வரும் என்றாலும். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்குத் தோள் கொடுத்தால் போதும். அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டுப் பாருங்கள். வேன் வாடகை, இரண்டு பைனாகுலர், கூட்டம் போட ஒரு இடம், பிள்ளைகளோடு நடக்க நாலு பெரியவர்கள், இப்படித்தான் சொல்வார்கள். ஒரு மாத டியூஷன் பீஸுக்குள் முடிந்துவிடும் காரியங்கள்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். சூழல் மன்றம் என்ன செய்கிறது, அந்தப் பீரியட் நடக்கிறதா என்று கேட்க நமக்கு நாற்காலியே போட்டிருக்கிறார்கள். தனியார் பள்ளி என்றால் டெஸ்ட் வைக்கச் சொல்லி எழுந்து நின்ற அதே கூட்டத்தில் இதற்காகவும் எழுந்து நிற்கலாம். ஊராட்சியோ மாநகராட்சியோ, ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் செடி கொடி, உயிரினங்களை மக்களே சொல்லிப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது 2002-ஆம் வருஷத்துச் சட்டம். நம் வார்டு கவுன்சிலரிடம் சாக்கடைக்காகப் போகும்போது இதையும் கேட்கலாமே. அந்தப் பதிவேட்டுக்குத் தகவல் சேர்க்கும் வேலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகக் கலந்துகொள்ளலாம். பாட்டியிடம் போய் இந்தத் தெருவில் முன்பு என்ன மரம் நின்றது என்று கேட்பது கூட அதில் அடங்கும். பாட்டிக்கும் பேச்சுத்துணை.

இதைப் படித்துவிட்டு அடுத்த சனிக்கிழமை பத்து காரில் அய்யலூருக்குக் கிளம்பிவிடாதீர்கள், நாம் அப்படியும் செய்யக்கூடியவர்கள். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வழி தெரிந்த அமைப்போடு, சின்னக் கும்பலாகப் போக வேண்டும். வெள்ளை டார்ச்சை மரத்தில் அடிக்கக் கூடாது, இருட்டுக்குப் பழகிய அந்தக் கண்கள் தாங்காது. ஆராய்ச்சி செய்பவர்கள் சிவப்பு வெளிச்சம்தான் வைத்திருப்பார்கள். ஃபிளாஷ் போட்டுப் போட்டோ எடுக்கவே கூடாது. போன முதல் ராத்திரியே தேவாங்கு கண்ணில் படும் என்றும் இல்லை. ஆந்தைச் சத்தமும் கொசுக்கடியும் மட்டும் மிஞ்சலாம். பிள்ளை அலுத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை. வழியில் வடமதுரையில் நிறுத்தி ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுங்கள். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட, வீட்டுக்குப் போய் ஒரு பக்கம் எழுதிக் காட்டு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.